சக்கரச் சாமியும் செத்துப்போன டிஸ்க்கும்

இப்ப உள்ள ஆளுகளுக்கு எல்லாத்திலும் அவசரம். சோறு வெரசா வேகணும், பஸ்சு வெரசா வரணும், செல்போன்ல பாட்டுச் சத்தம் கேட்டா பாதிச் சோத்துல எந்திரிச்சு ஓடணும். ஆனால் எங்கேயோ ஒரு சாமியார் உட்கார்ந்திருக்கிறான் என்று காதில் விழுந்துவிட்டால் போதும், வெள்ளனே எழுந்து வந்து மொட்டை வெயிலில் வரிசை கட்டி நிற்கிற பொறுமை எங்கிருந்தோ வந்துவிடும். அந்தப் பொறுமையில் கால்வாசி மலைப்பாதை வளைவில் இருந்திருந்தால், எத்தனையோ பேர் வீட்டில் போட்டோவுக்கு மாலை மிச்சம்.

இப்படி முணுமுணுத்துக்கொண்டுதான் நல்லையா அன்று வத்தலக்குண்டில் நின்றார். மலைப்பாதை ஆரம்பிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்கு முன்னால் முப்பது நாற்பது ஜீப்பு. ஒவ்வொன்றும் முன்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஜாக்கியின் மேல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கொட்டகைக்குள் இருப்பவர் சக்கரச் சாமி. மனுசனுக்கு ஜோசியம் பார்க்கிற சாமிகளுக்கு நாட்டில் பஞ்சமில்லை. இவர் வண்டிக்குப் பார்ப்பவர். வண்டியிலும் முழு வண்டிக்கு இல்லை, பிரேக்குக்கு மட்டும்.

கிண்டல் இல்லை, நிஜம். ஆர்.சி. புக்கில் உள்ள பதிவுத் தேதிதான் வண்டி பிறந்த தேதி. அதை வைத்து நட்சத்திரம். நட்சத்திரத்தை வைத்து, வண்டிக்கும், பிரேக் கவ்விப் பிடிக்கிற இரும்புத் தட்டான டிஸ்க்குக்கும் பத்துப் பொருத்தம். பிரேக் சூடாகிறதா? செவ்வாய் தோஷம். கீச்சென்று கத்துகிறதா? கணப் பொருத்தம் இல்லை. மிதித்தால் நடுங்குகிறதா? ரஜ்ஜு தட்டுகிறது, ஓட்டுகிறவன் உயிருக்கே ஆபத்து. கடைசியில் டிஸ்க்கையே 'பேச' விடுவார் சாமி. இடது கையில் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையிலுள்ள பித்தளை வேலால் ஒரு தட்டு. 'ணங்' என்றால் உயிர் இருக்கிறது. 'தொக்' என்றால் செத்துவிட்டது.

பத்துக்கு ஒன்பது டிஸ்க் செத்தே போயிருக்கும். அதற்குப் பதில் மந்திரித்த டிஸ்க் வாங்க வேண்டும். அது சாமியின் மச்சான் ஞானவேல் கடையில் கிடைக்கும். கடை எங்கே என்று தேடவே வேண்டாம். கொட்டகைக்கும் கடைக்கும் ஒரே கூரை.

"மாமா, முகத்தை இப்படி வைக்காதீங்க. சாமி பார்த்தா கோவிச்சுக்குவாரு" என்றான் யோகராஜ். நல்லையாவின் மருமகன். மலைமேல் பள்ளங்கியில் பழைய ஜீப்பு ஒன்று வைத்து ஓட்டுகிறவன்.

"என் மூஞ்சி எழுவது வருசமா இப்படித்தான் கெடக்கு மாப்ள. அதுக்கும் பொருத்தம் பார்க்கச் சொல்லுங்க."

நல்லையா சிலோன் தேயிலைத் தோட்டத்தில் லொறி ஓட்டியவர். குடியுரிமை இல்லையென்று கப்பலேற்றி இங்கே அனுப்பிய பிறகும் லொறிதான் ஓட்டினார். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. சந்தேகம் மட்டும் முடியவில்லை. கடைக்காரன் தராசை நம்பமாட்டார். மழை வரும் என்று ரேடியோ சொன்னால் வெளியே போய்க் கையை நீட்டிப் பார்ப்பார். வாழ்நாளில் ஒருமுறைகூட, மிதித்துப் பார்க்காமல் எந்த வண்டியின் பிரேக்கையும் அவர் நம்பியதில்லை.

இன்றைக்கு அவர் வந்ததற்குக் காரணம் மகள் தேவகுமாரி, யோகராஜின் சம்சாரம். யோகராஜின் ஜீப்பில் தினமும் பதினொரு பெண்கள் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். அதில் தேவகுமாரியும் ஒருத்தி. முந்தாநாள் ராத்திரி கஞ்சி ஊற்றும்போது சும்மா சொல்வதுபோலச் சொன்னாள்.

"அப்பா, காலையில வளைவுல அவரு மிதிச்சாரு. வண்டி கத்துச்சு, நிக்கலை. மண் திட்டுல முட்டித்தான் நின்னுச்சு. திட்டுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். நல்லையா கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு மருமகனிடம் திரும்பினார். "டிஸ்கு, அதைக் கவ்வுற பேடு ரெண்டையும் மாத்துங்க மாப்ள" என்றார். "மாத்தத்தான் போறேன் மாமா. எதை மாத்துறதுன்னு சக்கரச் சாமி சொல்லிடுவாரு" என்றான் யோகராஜ். சாமி கையில் பதினொரு பெண்களின் உயிரைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க நல்லையாவால் முடியவில்லை. கூடவே இறங்கி வந்துவிட்டார்.

பக்கத்து ஜீப்பருகே நின்றவன் ஆண்டிச்சாமி. ஆடலூர்க்காரன். மிளகும் காப்பிக்கொட்டையும் ஏற்றுகிற ஜீப்பு. அன்று காலையில்தான் சாமியிடம் ஒரு டிஸ்க் வாங்கியிருந்தான். சாமியே எல்லார் முன்னாலும் தட்டிக் காட்டினார். கோயில் மணி மாதிரி 'ணங்' என்று பேசியது. பின்பக்கம் சிவப்புப் பெயிண்டில் ஓம் போட்டு, மஞ்சள் தடவியிருந்தது. அப்படியும் ஆண்டிச்சாமி முகத்தில் சந்தோசத்தைக் காணோம்.

"என்னப்பா, புதுசு வாங்கிட்டு எழவு விழுந்த மாதிரி நிக்கிற?"

"போன மாசம் வலது சக்கரத்துக்கு மாத்தச் சொன்னாருங்க. ஒரு தடவைக்கு ஒரு சக்கரம்தான் மாத்தணுமாம். மாத்தினேன். அப்போ இருந்து பிரேக் புடிச்சா வண்டி வலது பக்கமே இழுக்குதுங்க. ஒருநாள் பஸ்சுக்கு முன்னாலயே போய் நின்னுட்டேன்."

"கேட்டியா?"

"கேட்டேன். 'அந்தப் பக்கம்தான்டா பழநி இருக்கு, உன் வண்டி தரிசனத்துக்கு ஏங்குது'ன்னாரு."

நல்லையாவுக்குச் சிரிப்பு வந்தது. டிஸ்க்கை மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் தேய்ந்தது என்றால், ஒரு கை இறுக்கிப் பிடிக்க ஒரு கை வழுக்குகிற கதைதான். இது எந்த லொறிக் கிளீனருக்கும் தெரியும். இந்தச் சாமிக்கும் தெரியாமல் இருக்காது. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் பக்தன் அடுத்த மாதம் எதற்கு வருவான்?

"பேடு எது குடுத்தான்?"

ஆண்டிச்சாமி பெருமையாக எடுத்துக் காட்டினான். "இது ஆயுசுக்கும் தேயாதுங்க."

நல்லையா வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தார். கருங்கல் மாதிரி இருந்தது. "பேடுன்னா தேயணும்பா. அது தேஞ்சாத்தான் சக்கரம் நிக்கும். தேயுறதுதான் அதோட சோலி. இது தேயாது, உன் டிஸ்கைத்தான் திங்கும். டிஸ்கு தேஞ்சா யாருக்கு யாவாரம்?"

ஆண்டிச்சாமி கடையைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான்.

நல்லையா அவன் காதருகே குனிந்தார். "அந்த டிஸ்கை ஒரு பத்து நிமிசம் குடு. உன் வண்டியும் எங்க வண்டியும் ஒரே மாடல்தானே? ஒடைக்க மாட்டேன், திங்க மாட்டேன். கழுவித் தர்றேன்."

பிறகு மருமகனிடம் போனார். "நீங்க வலது சக்கரத்தைக் கழட்டிக்கிட்டு இருங்க மாப்ள. இடது டிஸ்கை நான் கழட்டி எடுத்துக்கிறேன். ஆர்.சி. புக்கைக் குடுங்க, நான் வரிசையில நிக்கிறேன்." மாமாவுக்கு இப்போதாவது பக்தி வந்ததே என்று யோகராஜுக்கு ஒரே பூரிப்பு.

ஆண்டிச்சாமியின் ஓம் போட்ட டிஸ்க்கை நல்லையா ஜீப்புக்குப் பின்னால் கொண்டுபோனார். பழைய கிரீஸையும் ரோட்டோரப் புழுதியையும் குழைத்து, முன்னும் பின்னும் அப்பினார். மஞ்சள் போச்சு, ஓமும் போச்சு. சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்.

அவர் முறை வரும்போது மணி பதினொன்று. யோகராஜும் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து பக்கத்தில் நின்றான். சாக்கில் இருப்பது தன் வண்டி டிஸ்க் என்றே அவனும் நினைத்துக்கொண்டான்.

சக்கரச் சாமியின் சொந்தப் பெயர் தண்டாயுதபாணி. நாலு வருசத்துக்கு முன்னால் இதே ரோட்டில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தவர். இப்போது கழுத்தில் ருத்திராட்சத்தோடு பால் பேரிங் குண்டுகளைக் கோத்து ஒரு மாலை. ஆர்.சி. புக்கை வாங்கினார், கண்ணை மூடினார்.

"கேட்டை நட்சத்திரம். எந்தச் சக்கரம்?"

"இடது முன்சக்கரம் சாமி."

"பார்த்தாலே தெரியுது. அசுத்தம்." ஒரு துணியால் ஓரத்தை மட்டும் துடைத்துவிட்டு, இடது கையால் டிஸ்க்கைக் கவ்விப் பிடித்தார். வேலால் தட்டினார்.

தொக்.

கூட்டம் "ச்சு, ச்சு" என்றது. சாமி தலையை ஆட்டினார்.

"செத்துருச்சு. செத்து ஏழு நாளாச்சு. பொணத்தைக் கட்டிக்கிட்டு மலையேறியிருக்க."

யோகராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏழு நாளும் என் சம்சாரம் அதுலதான் சாமி போனா!"

"அழாதீங்க மாப்ள" என்றார் நல்லையா. "சாமி, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. ஏழு நாள்தானா? கூடக் கொறைய இருக்காதே?"

"என் வேல் பொய் சொல்லாது!"

"அது போதும்." நல்லையா இடுப்பிலிருந்த மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து டிஸ்க்கின் பின்பக்கத்தை அழுத்தித் துடைத்தார். கிரீஸ் வழித்துக்கொண்டு வந்தது. உள்ளிருந்து சிவப்பாக ஓம் எட்டிப் பார்த்தது. டிஸ்க்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"ஏலே ஆண்டிச்சாமி, இது யாரு டிஸ்கு?"

"என்னுதுங்க! காலையில சாமிகிட்ட வாங்கினது!"

"காலையில ஒம்பது மணிக்கு இவரு கையாலதான் ணங்குன்னு பேசிச்சு. பதினொரு மணிக்குச் செத்து ஏழு நாளா? வத்தலக்குண்டுல மட்டும் நாள் அம்புட்டு வெரசாப் போகுதோ?"

கூட்டத்தில் யாரோ ஒருவன் சிரித்தான். அது பரவியது. சாமி எழுந்துவிட்டார்.

"நம்பிக்கையில்லாதவன் கைபட்டது! அதான் உயிர் போயிருச்சு!"

"அப்படியா? சரி, உயிர் குடுத்துப் பார்ப்போம்." கொட்டகைத் தூணில் தொங்கிய கயிற்றை எடுத்து, டிஸ்க்கின் நடு ஓட்டையில் கோத்துத் தொங்கவிட்டார் நல்லையா. ஸ்பேனரால் ஒரு தட்டு.

ணங்ங்ங்...

"பொறந்துருச்சு" என்றார். பிறகு கட்டைவிரலை ஓரத்தில் அழுத்திக்கொண்டு தட்டினார். தொக். "செத்துருச்சு." விரலை எடுத்தார். ணங். "பொறந்துருச்சு." விரல். தொக். "செத்துருச்சு. உங்க வீட்டுப் பித்தளைத் தட்டைக் கையால அமுக்கிக்கிட்டுத் தட்டினாலும் இப்படித்தான் சாகும். விரல் இருந்தாப் போதும், எல்லாரும் சாமிதான்."

அவ்வளவுதான். ஆளாளுக்குத் தங்கள் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கயிறு தேடினார்கள். வேட்டிக் கரையைக் கிழித்துக் கட்டினான் ஒருவன். கொட்டகை முழுக்க ணங், தொக், ணங், தொக். தேர்த் திருவிழாவில்கூட இத்தனை மணி அடித்திருக்காது. இந்தச் சத்தத்துக்கு நடுவே சக்கரச் சாமி பின்பக்கத் தகரத்தைத் தள்ளிக்கொண்டு கழன்றுவிட்டார். ஞானவேல் கடை ஷட்டர் பாதி இறங்கியது. மீதிப் பாதியை ஆண்டிச்சாமி காலால் தடுத்து நின்றான். உள்ளே அவனுக்குப் பேச வேண்டியது நிறைய இருந்தது.

யோகராஜ் மட்டும் குழம்பிப்போய் நின்றான். "அப்ப நம்ம டிஸ்கு நல்லாத்தான் இருக்கா மாமா?"

"ணங்குன்னா விரிசல் இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம். தேய்மானம் சத்தத்துல தெரியாது. அளக்கணும்."

தங்கள் ஜீப்பின் இரண்டு டிஸ்க்கையும் கழற்றி, லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அளந்தார்கள். இதற்குக் கீழே தேய்ந்தால் ஆகாது என்கிற அளவைச் செய்தவனே டிஸ்க்கில் அச்சடித்து வைத்திருந்தான். துருவைச் சுரண்டியதும் தெரிந்தது. யோகராஜின் இரண்டு டிஸ்க்கும் அந்த அளவைத் தாண்டி எப்போதோ கீழே போயிருந்தன. தேவகுமாரி சொன்ன மண் திட்டு நல்லையாவின் கண்ணில் வந்து போனது.

"மாத்தணும்னுதானே சாமியும் சொன்னாரு!" என்றான் யோகராஜ். "அப்ப சக்தி கொஞ்சமாவது..."

"மாப்ள, சாமி பார்த்தது ஆண்டிச்சாமி டிஸ்கை. உங்க டிஸ்கை அவன் கண்ணாலயே பார்க்கலை."

வேறு கடையில் இரண்டு டிஸ்க்கும், இரண்டு பக்கத்துக்கும் பேடும் வாங்கினார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போல்ட் ஓட்டையை எண்ணி, உயரம் பார்த்த பிறகுதான் நல்லையா கடையை விட்டு இறங்கினார். "புதுசையும் நம்பாதீங்க. சமதரையில மெதுவா நாலஞ்சு தடவை புடிச்சு, சரியா நிக்குதான்னு பார்த்துட்டு மலையேத்துங்க. நாளைக்கு மொத டிரிப்புல நானும் வருவேன்."

வெளியே வந்தால், வாசலில் பதினைந்து இருபது பேர். அத்தனை பேர் கையிலும் டிஸ்க். ஒருவன் வெற்றிலை பாக்கு வைத்திருந்தான். இன்னொருவன் சட்டென்று குனிந்து நல்லையாவின் காலைத் தொட்டான்.

"அய்யா, உங்க கையால ஒரு தட்டுத் தட்டிச் சொல்லிடுங்க."

"எடுறா கையை! நான் சொன்னேன்னு எதையும் நம்பாதீங்க. அளவு டிஸ்குலயே எழுதியிருக்கு. உங்களுக்கு ஆளுக்கு ரெண்டு கண்ணு இருக்கு. அளந்து பாருங்கடா!"

எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். ஒருவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அளந்துடறோம் அய்யா. எந்தக் கிழமையில அளந்தா நல்லது?"

நல்லையா அவனை மேலும் கீழும் பார்த்தார். கிழமை பார்த்து நிற்கிற பிரேக்கை இதுவரை எவனும் செய்யவில்லை. அப்படி ஒன்று வருகிற வரைக்கும் தலைக்குள் இருப்பதைத்தான் கொஞ்சம் மிதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வாய் திறந்தார். வெற்றிலையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்பு நின்ற பக்கம் நடந்தார்.

முதுகுக்குப் பின்னால் ஒருவன் சொல்வது கேட்டது: "பேசாமப் போறாரு பாரு. இன்னைக்கு வேண்டாம்னு அர்த்தம்."