சித்தப்பாவின் வளையல் கை

குரூப் போட்டோவை யாரும் முழுசாகப் பார்ப்பதில்லை. அவரவர் தன் முகத்தைத்தான் தேடுகிறார்கள். கண்டி டவுனில் ஒரு ஸ்டூடியோவில் பல வருடம் கல்யாண ஆல்பம் செய்து நான் சம்பாதித்த ஞானம் இது ஒன்றுதான். முப்பது பேர் நிற்கும் படத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு கண் மூடியிருக்கும், பெண்ணின் தாய்மாமன் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். படத்தை வாங்கியவரோ, "ஐயோ, எனக்கு முடி கலைஞ்சிருக்கே!" என்பார். இந்த ஞானத்தை நம்பித்தான் ஒரு சர்வதேசக் கண்காட்சியில், பல நாட்டுக்காரர்கள் முன்னிலையில், நான் மானம் கெட்டேன்.

எங்கள் தொழிலில் ஆள் சேர்ப்பது என்று ஒரு வேலை உண்டு. (அரசியல் இல்லை, பயப்படாதீர்கள்.) இங்கே வீட்டுக்கு ஒருவர் கட்டாரிலோ குவைத்திலோ இருக்கிறார். கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது. பிறகு அவருடைய படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வரும், "வாப்பாவ உம்மாக்குப் பக்கத்துல நிக்க வைங்க" என்ற செய்தியோடு. நானும் வைத்துவிடுவேன். கோட் இல்லாத அந்த அப்பாவுக்குக் கோட் போட்டு, வழுக்கைக்கு நாலு முடி இலவசமாகவும் கொடுப்பேன். ஒரு முறை சண்டையில் வராமல் இருந்த பெரியப்பா ஒருவரைச் சேர்த்துவிட்டேன். அவர் ஸ்டூடியோவுக்கே வந்து, "நான் போகாத கல்யாணத்துல என்ன எப்படிச் சிரிக்க வைப்பீங்க?" என்று மேசையைத் தட்டிவிட்டுப் போனார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

பல்லேகலயில் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி நடக்கப் போவதாக அறிவித்தார்கள். உழவு இயந்திரம், தரை ஓடு, வாசனைத் திரவியம் என்று விற்பதற்கு நடுவே ஒரு மண்டபத்தில் புகைப்படக் கண்காட்சியும் உண்டு. தலைப்பு, 'மலையகத்தில் ஒரு நாள்'. அவர்கள் குறித்திருக்கும் ஒரு சனிக்கிழமை அன்று எடுத்த படங்களைத்தான் அனுப்ப வேண்டும். படத்துக்குக் கீழே அந்தத் தேதியைப் பெரிதாகப் போடுவார்கள். முதல் பரிசு, வெளிநாட்டில் ஒரு மாதப் புகைப்படப் பயிற்சி. நுவரெலியாவுக்குப் போவதற்கே மஃப்ளர் கட்டுகிற நான், அன்றைக்கே போய் ஒரு குளிர்ச்சட்டை வாங்கிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமைதான் கம்பளையில் அக்காவின் புது வீட்டுக்குப் பால் காய்ச்சல். விடியற்காலையில் குடும்பமே கூடி நிற்க, அடுப்பை ஊதிக்கொண்டிருந்த சித்தப்பா, பால் பொங்கியதும் துள்ளி எழுந்து பின்னால் நின்றார். மீசையெல்லாம் சாம்பல். எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள், நான் பட்டனை அமுக்கினேன். என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே நல்ல படம் அது. இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

படத்தில் ஒரே ஒரு குறை. சித்தப்பாவுக்கு முன்னால் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில், இன்னும் கழிவறையில் பொருத்தாத கொமட் ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

அங்கே நிற்க வேண்டியவன் என் அண்ணன் ரவி. பல்லேகலயில் ஒரு தையல் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறவன். இரண்டு நாளைக்கு முன்னால்தான் டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பால் பொங்கிய நேரத்தில் அவன் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது.

படத்தைப் பார்த்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் இருக்கோம், அவன் மட்டும் இல்லியே. ஊரு ஒலகத்துக்கெல்லாம் ஒட்டிக் குடுக்குற, ஒங்க அண்ணனையும் ஒட்டிருடி."

ஒட்டினேன். பெரியம்மா மகளின் கல்யாணத்தில் எடுத்த படத்தில் அவன் கட்டம் போட்ட சட்டையோடு, கையில் வடையோடு, தொண்டை தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனை வெட்டி எடுத்துக் கொமட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். கச்சிதமாக மறைந்தது. தோளில் மட்டும், பச்சை வளையல் போட்ட யாரோ ஒரு பெண்ணின் கை கூடவே வந்துவிட்டது. அதை அழித்தால் அந்த இடத்தில் சட்டையின் கட்டங்களை ஒவ்வொன்றாக வரைய வேண்டும். சின்னச் சின்னக் கட்டம். யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். பின்னால் நின்ற சித்தப்பாவின் கை போலவே அது பொருந்திப் போனது. ஓய்வு பெற்ற பஸ் சாரதி, முறுக்கு மீசை, கையில் ஆறு பச்சைக் கண்ணாடி வளையல். எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. சித்தப்பாவே பார்த்துவிட்டு, "தொப்பை கொஞ்சம் தெரியுதே" என்றார்.

பரிசுக்கு எதை அனுப்புவது? கொமட் உள்ள உண்மையையா, அண்ணன் உள்ள பொய்யையா? விண்ணப்பத்தில், 'இப்படத்தில் எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை' என்று ஒரு வரி இருந்தது. ஒட்டியது என் சொந்த அண்ணனைத்தானே, ஊரான் வீட்டு ஆளையா என்று மனசாட்சிக்கு விளக்கம் சொல்லிவிட்டு, அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

படம் தேர்வாகி, ஆள் உயரத்துக்கு அச்சாகி மண்டபத்தில் தொங்கியது. கீழே தேதியும், என் கையெழுத்தோடு அந்த வரியும். ஸ்டூடியோ முதலாளி நிஸாம் நானா அக்குறணையில் தெரிந்த கடைக்காரர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பிவிட்டார். "எங்கட புள்ளட படம் இன்டர்நெஷனலுக்குப் போயிட்டு!" கூட்டமும் அள்ளியது. (அந்த மண்டபத்தில் மட்டும்தான் உட்காரக் கதிரையும் ஃபேனும் இருந்தன என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.)

வெள்ளிக்கிழமை அண்ணன் போன் செய்தான். டெங்குவிலிருந்து எழுந்து, வேலைக்குத் திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"ஏன்டி, நான் செத்துப் பொழச்சு வந்திருக்கேன். இங்க மெனேஜர் மெடம் கேக்குறாங்க, 'ரவி, டெங்கு வந்தா வடை சாப்பிடலாமா'ன்னு!"

கண்காட்சியில் அவர்கள் தொழிற்சாலைக்கும் ஒரு ஸ்டால் இருந்தது. அதைக் கவனிக்க வந்த மெடம், கால் வலிக்கு ஃபேன் காற்றில் உட்கார்ந்திருக்கிறார். நிமிர்ந்தால் எதிரே, மெடிக்கல் லீவில் இருந்த தேதியில், ஆள் உயரத்தில் என் அண்ணன், வடையோடு.

"ஒட்டுன படம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே! 'டொக்டர் கடுதாசி யாரும் வாங்கலாம், போட்டோ எப்படி ரவி பொய் சொல்லும்'ங்கிறாங்க. கீழ நீ வேற கையெழுத்துப் போட்டு வச்சிருக்க. திங்கக்கிழமை விசாரணையாம். வேலை போச்சுன்னா ஒன் ஸ்டூடியோவுலதான் வந்து ஒக்காருவேன், பாத்துக்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அண்ணனின் வேலை இல்லை, என் குளிர்ச்சட்டை. பரிசளிப்பு ஞாயிறு, விசாரணை திங்கள். ஞாயிறன்று பரிசை வாங்கிக்கொண்டு திங்களன்று உண்மையைச் சொன்னால் என்ன? ஒரு நாள் இடைவெளியில் கடவுள்கூடக் கண்டுகொள்ள மாட்டார் என்று கணக்குப் போட்டேன். அண்ணனிடம், "நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன். உலகத்தில் மிகப் பெரிய அயோக்கியர்கள் எல்லோரும் சொல்கிற வசனம் அது.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமே பல்லேகலயில் வந்து இறங்கியது. அம்மா பட்டுச் சேலை. சித்தப்பா மீசைக்கு எண்ணெய். அண்ணனும் வந்திருந்தான், இடுப்புப் பட்டியில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டு. நான் நினைத்ததைவிட மெலிந்திருந்தான். மெடமும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

நடுவர் ஒரு வெளிநாட்டுக்காரர். முதல் பரிசு என் படத்துக்கு என்றார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல ஒரு பெண் தமிழில் சொன்னாள்.

"இந்தப் படத்தின் உயிர், வடை வைத்திருக்கும் இந்த மனிதர். மற்றவர்களுக்கெல்லாம் கேமரா இருப்பது தெரிகிறது. இவருக்கு மட்டும் தெரியவில்லை. இந்த மண்டபத்திலேயே மிக உண்மையான சிரிப்பு இவருடையது."

(கேமரா எப்படித் தெரியும்? ஆள் ஆஸ்பத்திரியில்.)

"அதைவிட, பெரியவர் ஒருவர் பின்னாலிருந்து இவர் தோளில் அன்போடு வைத்திருக்கும் கையைப் பாருங்கள்."

எல்லோரும் பார்த்தார்கள். கை தட்டினார்கள். மெடம் என் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் தங்கச்சிக்குப் பரிசு கிடைக்கிறதே என்று, அந்த மெலிந்த கைகளால் அவனும் தட்டினான்.

அதோடு என் கணக்கெல்லாம் நொறுங்கிப் போனது. இப்படி ஒருவனை விற்றா நான் ஊர் பார்க்கப் போகிறேன் என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. மேடை ஏறி மைக்கை வாங்கிவிட்டேன்.

"சேர், அது எங்க சித்தப்பா கை இல்ல."

கூட்டத்தில் நின்ற சித்தப்பா, இத்தனை நாளில் முதல் தடவையாகப் படத்தில் தன் தொப்பையை விட்டு மேலே பார்த்தார்.

"அடியேய்! எனக்கு எதுக்குடி வளையல்?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். டெங்கு, சேலைன், கொமட், கட்டம் போட்ட சட்டை, என் கையெழுத்து. மொழிபெயர்த்த பெண் கொமட்டில் கொஞ்சம் தடுமாறினாள். நடுவர் படத்துக்கு அருகே போய் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். மெடம் மேடைக்குக் கிட்ட வந்து, சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டார்.

"நங்கி, இப்ப அண்ணனைக் காப்பாத்தப் பொய் சொல்றீங்களா? எது பொய்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. போனை எடுத்து, வெட்டுவதற்கு முந்திய கல்யாணப் படத்தைக் காட்டினேன். அதே சட்டை, அதே வடை, அதே சிரிப்பு. தோளில் அதே பச்சை வளையல். இதில் கைக்குச் சொந்தக்காரியும் இருந்தாள். அவளும் தொண்டை தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மெடம் போனை மூக்குக்கருகே கொண்டுபோனார்.

"அட, இது எங்க மேனகா! செக்கிங் செக்‌ஷன் மேனகா!"

"யாரு மேனகா?" என்றார் அம்மா.

டெங்குவில் அண்ணனுக்குக் குறைந்த இரத்தமெல்லாம் ஒரே நொடியில் முகத்துக்குத் திரும்பி வந்தது.

"இது எப்ப எடுத்த படம்?" என்றார் மெடம்.

"ஜனவரியில, எங்க பெரியம்மா மக கல்..." என்று ஆரம்பித்தேன். அண்ணன் என் காலை ஓங்கி மிதித்தான். அந்தக் கல்யாணத்தன்று மேனகா கடுங்காய்ச்சல் என்று தொழிற்சாலைக்கு லீவு சொல்லியிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அண்ணனின் முகத்தைப் பார்த்தே மெடத்துக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் படத்துக்குக் கீழ தேதி போடல்லையே," என்றார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "ரவி, நாளைக்கு விசாரணை இல்ல. வேலைக்கு வாங்க. வடை கொண்டு வராதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாவை நான் இன்றைக்கும் நினைத்துக் கும்பிடுகிறேன்.

முதல் பரிசு, ஆற்றில் எருமை குளிப்பாட்டுகிறவரின் படத்துக்குப் போனது. எங்கள் படத்தைக் கழற்றிச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டார்கள். எங்களோடு வேனில் வந்த நிஸாம் நானா குண்டசாலை தாண்டும் வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூடியோவின் பேரைக் கெடுத்துவிட்டேன், வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் புள்ள, ஒரு கைய அழிக்க ஏலாமப் போச்சா? இத்தன வருஷம் என்னத்த படிச்சீங்க?"

பின் சீட்டில் அம்மா என் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு மேனகாவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தபடியே வந்தார். கம்பளையில் இறங்கும்போது, "மூக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். அதிலிருந்து எட்டாவது மாதம் அண்ணனுக்கும் மேனகாவுக்கும் கல்யாணம். அதில் குரூப் போட்டோ எடுத்தபோது சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், யாரும் சொல்லாமலே, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பொலிசில் சரணடைய வந்த கூட்டம் போல இருக்கிறது அந்த ஆல்பம். சித்தப்பா மட்டும் ஒரு கையில் பச்சை வளையல் போட்டிருந்தார்.

குளிர்ச்சட்டை இன்னும் அலுமாரியில் இருக்கிறது. நான் எந்தச் செய்தி சொன்னாலும் வீட்டில், "ஒட்டுனதா, உண்மையா?" என்று கேட்டுவிட்டுத்தான் நம்புகிறார்கள்.

கழற்றிய படத்தை அண்ணன் சட்டம் போட்டுத் தன் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறான். அவன் மகளுக்கு நாலு வயது, நேசரியில் பாலர் வகுப்பு. வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், விரலால் தொட்டுக் காட்டுவாள். "இது அப்பா. இது வடை. இது அம்மா." வந்தவர்கள் அம்மாவைத் தேடிக்கொண்டே நிற்பார்கள்.

போன வாரம் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், என் பக்கம் திரும்பினாள்.

"அத்த, இதுல நான் எங்க? என்னையும் ஒட்டுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"ஒட்டுறதுக்கு முந்தி, அன்னைக்கு அவ நேசரிக்கு லீவு சொல்லியிருக்காளான்னு கேட்டுக்கடி!"