குல்லா: துவைக்கலாம், சுருங்காது

பெங்களூருக்கு வந்து எட்டு வருஷமாகியும் கன்னடம் பேசவோ படிக்கவோ வராததை நான் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. தெரியாது என்பதைக்கூட 'கொத்தில்லா' என்று அவர்கள் மொழியிலேயே சொல்கிறேனே, இதைவிட என்ன மரியாதை வேண்டும் என்று இருந்துவிட்டேன். அந்த மரியாதையின் பலனாகத்தான், போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டிய புருஷனை முன்னூற்றைம்பது ரூபாய்க்கு விற்பனைக்கு வைத்தேன். (அதுவும் ஃபிக்ஸட் ரேட்.)

நான் ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்ப்பவள். வீட்டிலிருந்தே வேலை. ஒரு நாளைக்கு ஆறு மீட்டிங். ஆறிலும் என் பங்கு, கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்து, கடைசியில் 'என் சைடுல அப்டேட் எதுவும் இல்லை' என்று சொல்வது. சும்மா இருந்த கைக்கு வேலை வேண்டுமென்று வீடியோ பார்த்து உல்லன் பின்னக் கற்றுக்கொண்டேன். முதலில் பின்னியது ஒரு மஃப்ளர். நாற்பது கண்ணியோடு ஆரம்பித்தது, மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது பதினேழு கண்ணிதான் பாக்கி. மற்றதெல்லாம் எந்தெந்த மீட்டிங்கில் நழுவியதோ! முக்கோண டிசைன் என்று சமாளித்துவிட்டுக் குல்லாவுக்கு மாறினேன். குல்லா எந்த அளவில் வந்தாலும் ஊரில் அதற்கு ஒரு தலை இருக்கும்.

பத்துக் குல்லா முடிந்ததும் நான் கலைஞியாகிவிட்டேன். கலைஞி என்றால் இன்ஸ்பிரேஷன் வேண்டுமே, அதையும் தேட ஆரம்பித்தேன். சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டை போட்ட குல்லாவுக்கு 'சில்க் போர்டு சிக்னல்' என்று பெயர் வைத்தேன். (முக்கால்வாசி சிவப்புதான். பச்சை நூல் தீர்ந்துபோச்சு. ஆனா அங்க நிலவரமும் அதானே?) சாம்பல் நிறக் குல்லா 'ஜூலை வானம்'. சாயம் போன நூலில் பின்னியது 'மழை நின்ற மாலை'. இப்படியாக முப்பது குல்லா சேர்ந்தது.

கூடவே தலைக்கனமும் சேர்ந்தது. எங்கள் அபார்ட்மெண்ட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்று போடுவதாக அறிவித்தார்கள். அதில் கடை போடப் போகிறேன், முப்பதும் விற்றுவிட்டால் திங்கட்கிழமை காலை வேலையை விட்டுவிடுவேன் என்று வீட்டில் நானும் அறிவித்தேன். ராஜினாமா கடிதத்தை எழுதி டிராஃப்டில் போட்டு வைத்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இன்னொரு தடவை 'அப்டேட் இல்லை' என்று சொன்னால் அழுதுவிடுவேன் என்ற நிலைமையில்தான் அப்போது இருந்தேன்.

"முப்பதும் வித்தா தாராளமா விட்டுடு," என்றார் என் வீட்டுக்காரர் பாஸ்கர்.

"இருபத்தொம்பது வித்தா?"

"அப்ப அப்டேட் இல்லைன்னு சொல்லிட்டு உக்காரு."

பாஸ்கர் இதே பெங்களூரில், ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆடுகோடியில் டூ வீலர் சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசர். கன்னடம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. உயரம் மட்டும் ஐந்தடி ஒரு அங்குலம். நான் ஐந்தடி ஆறு. கல்யாணத்தில் போட்டோக்காரர் அவரை மணைப்பலகை மேல் ஏற்றி நிற்கவைத்தார். என் மாமா ஒருத்தர் அதைப் பார்த்துச் சத்தமாக ஒரு வார்த்தை சொன்னார். அன்றிலிருந்து அந்த மாமா வீட்டுக்கு நாங்கள் போவதில்லை, 'குள்ளம்' என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. குள்ளமான ஸ்டூலைக்கூட நான் 'அந்த இன்னொரு ஸ்டூல்' என்றுதான் சொல்வேன்.

சந்தையில் எல்லாக் கடைக்கும் கன்னடத்தில் போர்டு வேண்டும் என்றார்கள். பாஸ்கரைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் சர்ப்ரைஸ் கொடுக்க வேண்டுமே! போர்டு அடிக்கிற கடைக்காரருக்குக் கொஞ்சம் தமிழ் புரியும் என்று கேள்விப்பட்டு, வாட்ஸாப்பில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்பினேன்: கையால் பின்னிய குல்லா, குளிருக்கு இதம், துவைக்கலாம், சுருங்காது, முன்னூற்றைம்பது. குல்லாவுக்கு கே, யு, இரண்டு எல், ஒரு ஏ. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"மேடம், இது கரெக்டா? ஒந்து டவுட்டு..."

"டவுட்டே வேணாங்க, பிரிண்ட் மாடி!"

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடையைப் பரப்பி, ஆறடி நீள போர்டைத் தலைக்கு மேலே கட்டினேன். டீ வாங்கிக்கொண்டு வந்த பாஸ்கர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். டீ ஆறிவிட்டது.

"யாரு எழுதினது?"

"நான்தான். எப்படி இருக்கு?"

என் முகத்தையும் மேஜை மேலிருந்த குல்லாக்களையும் ஒரு தடவை பார்த்தார். "நல்லா இருக்கு சுமதி," என்று சொல்லிவிட்டு, போர்டுக்கு நேர் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். (அந்த இன்னொரு ஸ்டூல்.)

அப்புறம் வந்தது பாருங்கள் கூட்டம்! பக்கத்தில் ஊறுகாய்க் கடை ஈயாடியது. வந்தவர்கள் எல்லாம் போர்டைப் படித்தார்கள், பாஸ்கரைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். கைவினைப் பொருள் மனிதர்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தருகிறது என்று நான் பூரித்துப்போனேன். ஒரு பெரியவர், "இவ்ரிகே எஷ்டு?" என்றார். எவ்வளவு என்று கேட்டால் புரியும் அளவுக்கு நானும் தயாராகித்தான் போயிருந்தேன். "முன்னூர ஐவத்து!" என்றேன். ஒரு பெண் பாஸ்கர் பக்கம் கையைக் காட்டி, "மனெகே கர்கொண்டு ஹோக்பஹுதா?" என்றாள். மனெ என்றால் வீடு; வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்கிறாள். "ஹௌது, ஹௌது, பேக் கூட ஃப்ரீ!" என்றேன். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. இன்னொருத்தர் ஏதோ கேட்க, பாஸ்கர் நிதானமாக "ஆகலே ஒகெதாயித்து" என்றார். அதற்குக் கைதட்டலே விழுந்தது. ஒரு மணிக்குள் பத்தொன்பது குல்லா போய்விட்டது. மானேஜர் முகம் எப்படிப் போகும் என்று கற்பனை செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் மூன்றாவது மாடி ஷைலஜா ஆன்ட்டி வந்தார். ரிட்டயரான கன்னட டீச்சர். நல்ல தமிழும் பேசுவார். போர்டைப் படித்தவர் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"ஏம்மா சுமதி, வீட்ல ஏதாவது சண்டையா?"

"இல்லையே ஆன்ட்டி, ஏன்?"

"அப்புறம் எதுக்கும்மா அவரை விக்கிறே?"

கடைக்காரர் எல்லா வார்த்தையையும் கன்னடத்துக்கு மாற்றியிருக்கிறார். குல்லாவை மட்டும், இது ஏற்கெனவே கன்னடம்தானே என்று 'குள்ள' என்று அடித்துவிட்டார். கன்னடத்தில் தொப்பிக்கு டோபி. குள்ள என்றால் தமிழில் நாம் சொல்கிற அதே குள்ளன்தான். ஆன்ட்டி வரி வரியாகப் படித்துக் காட்டினார்: கையால் பின்னிய குள்ளன். குளிருக்கு இதம். துவைக்கலாம், சுருங்காது. 'கர்கொண்டு' என்பது ஆளைக் கூட்டிப்போவதற்கு மட்டும் சொல்வதாம். பாஸ்கர் கைதட்டல் வாங்கிய பதில், 'ஏற்கெனவே துவைச்சாச்சு.'

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. எந்த வார்த்தைக்காக ஒரு மாமாவையே தள்ளி வைத்தோமோ, அதை ஆறடிக்கு அடித்து அவர் தலைக்கு மேலேயே கட்டியிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் போர்டைப் பிடுங்கிச் சுருட்டினேன். அட்டை ஒன்றை எடுத்து, போனில் மொழிபெயர்த்து, எழுத்துக்குப் பதில் படம் வரைவது மாதிரி நானே ஒரு வரி எழுதினேன்: 'வாருங்கள், உங்களுக்கு நாங்களே டோபி போடுகிறோம்.' மாட்டிப் பார்க்கும் வசதி உண்டு என்று சொல்ல வந்தேன். அடுத்த முக்கால் மணி நேரம் ஒரு ஈ, காக்காய் வரவில்லை. கன்னடத்தில் டோபி போடுவது என்றால் ஏமாற்றுவது. (தமிழ்ல குல்லா போடுறதுன்னா மட்டும் என்ன கிரீடம் சூட்டுறதா? எழுதறப்போ அதுகூடவா உறைக்காது?)

ஊறுகாய்க் கடையில் கூட்டம் சேர்ந்தது. மேஜையில் பதினோரு குல்லா. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அந்தப் பழைய போர்டை எடு," என்றார் பாஸ்கர்.

"வேணாங்க. ஸாரிங்க. எனக்கு நெஜமா தெரியாது..."

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். முப்பது விக்கணுமா, வேணாமா?"

அவரே எழுந்தார். கை எட்டவில்லை. ஸ்டூல் மேல் ஏறி, அந்த போர்டைத் தன் கையாலேயே கட்டினார். இறங்கி, அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "பன்னி, பன்னி, குள்ள இல்லிதானே!" என்று கூவினார். வாங்க, வாங்க, குள்ளன் இங்கே இருக்கிறான் என்று அர்த்தம். இதற்கு மட்டும் எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. உப்புக்கண்ணீரோடு சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்கு ஒன்றுதான் மிச்சம், சாயம் போன 'மழை நின்ற மாலை'. பாஸ்கர் பர்ஸிலிருந்து முன்னூற்றைம்பதை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, அதைத் தன் தலையில் மாட்டிக்கொண்டார்.

"முப்பது. காலையில லெட்டரை அனுப்பு."

அந்தக் குல்லா மேல் டீக் கறை பட்டிருந்தது. அன்பு மிகுதியில் அதைத் துவைத்துக் காயப்போட்டேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. லெட்டர் திரையில், விரல் பட்டன் மேல். பாஸ்கர் பால்கனியிலிருந்து குல்லாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஒரு ஆரஞ்சுப் பழத்துக்குச் சரியாக இருக்கும். லெட்டரை மறுபடியும் டிராஃப்டிலேயே போட்டேன். நான் லேப்டாப்பைத் திருப்பி, ஒன்பது மணி மீட்டிங்கில் சேர்ந்துகொண்டேன்.

மற்ற இருபத்தொன்பது பேரும் துவைக்க ஒரு வாரமாயிற்று. அபார்ட்மெண்ட் குரூப்பில் குட்டிக் குட்டிக் குல்லாப் படங்களாக வந்து விழுந்தன. ஒன்று பூனைக்கு, ஒன்று பொம்மைக்கு, ஒன்று செல்போனுக்கு. 'துவைத்தால் சுருங்காது என்று எழுதியிருந்ததே?' என்று எல்லோரும் கேட்டார்கள். இன்றைக்கும் நான் லிஃப்டில் போவதில்லை, ஏழு மாடியும் படிக்கட்டுதான். பாஸ்கர் தினமும் லிஃப்டில்தான் போகிறார். யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே அவர் சொல்லும் பதில் இப்போது ஸ்ரீராம்புரம் வரை பிரபலம். என் நாத்தனார் எந்த விசேஷத்திலும் அதை அவர் வாயால் சொல்லவைக்காமல் விடுவதில்லை.

"போர்டுல தப்பா என்ன இருந்துச்சு? குள்ளன் சுருங்கமாட்டான்னுதானே போட்டிருந்தோம். சுருங்கினேனா?"