ஆட்டுத் திருடனை வாங்கிக்கொள்ள ஆளில்லை

செங்காட்டுப்புதூர்,
செவ்வாய்க்கிழமை காலை

சட்டமன்றச் செயலகத்தில் மசோதாக்களுக்குப் பிழை பார்க்கும் அன்பு மாப்பிள்ளை பிரவின்குமார் அவர்களுக்கு, மாமனார் பாலுசாமி ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை மாரியாத்தாளும் சுகம். சென்னை வெயிலில் நீங்களும் அக்ஷயாவும் சுகமாக இருக்கக் கொடுமுடி சாமியை வேண்டிக்கொள்கிறோம். நல்ல சேதி இத்துடன் முடிந்தது.

எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கும் மசோதா போன வாரம் நிறைவேறியதை டிவியில் பார்த்தோம். என் துணைத் தலைவர் பதவி போகிறதே என்று நான் வருத்தப்படவில்லை. ஒரு நாள் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதே மசோதாவால் ஊர் பழைய போலீஸ் ஸ்டேஷனிலிருந்து டவுன் ஸ்டேஷனுக்கும் மாறுகிறது. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

சனிக்கிழமை பட்டப்பகலில் ஒருவன் பக்கத்து வீட்டு ராமாத்தாளின் வெள்ளாட்டைத் தூக்கி பைக்கின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினான். ஆடு ஹாரனை மிதித்து மிதித்து அடித்ததில் ஊரே திரும்பிப் பார்த்தது, பிடித்துவிட்டோம். பெயர் நாச்சிமுத்து, நாற்பது வயது, சத்தியமங்கலத்துப் பக்கம். வெகு மரியாதையான ஆள். “அடிக்காதீங்க, நானே வாரேனுங்க” என்று என் காரின் முன்சீட்டில் ஏறிக்கொண்டான். பழைய ஸ்டேஷனில் ஏட்டு, “மசோதா நிறைவேறிப்போச்சுங்களே, இனி நீங்க டவுனுங்க” என்றார். டவுனுக்குப் போனால் அங்கிருந்த எழுத்தர், “அரசிதழ்ல இன்னும் வரலீங்க. வர்ற வரைக்கும் நீங்க அவிய எல்லைதானுங்க” என்றார். இப்படியே மூன்று நடை. மூன்றாவது நடையில் நாச்சிமுத்துவே இறங்கிப் போய், “ஏனுங்க சார், திருடுனது நாந்தானுங்க. உள்ள வெச்சுக்குங்க. இந்த வெயில்ல அவிய எத்தன தடவ அலைவாங்க?” என்று கேட்டான். “உன்னய விசாரிக்க எங்களுக்கு அதிகாரமில்லப்பா” என்று அனுப்பிவிட்டார்கள்.

“உட்டுப்போட்டீங்கன்னா நான் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருவனுங்க” என்று ராமாத்தாள் ஒற்றைக் காலில் நின்றதால், அவனை எங்கள் தேங்காய்க் குடோனில் வைத்துப் பூட்டினேன். சும்மா இருக்க முடியவில்லை என்று சொல்லி ஒரு வண்டிக் காயை உரித்துப்போட்டான். ஓடாத மோட்டாரை ஓடவைத்தான். திட்டுவதற்கென்றே தினமும் வந்த ராமாத்தாள், ஆட்டின் குளம்பு வீங்கியிருப்பதை அவனிடம் காட்டினாள். மருந்து கட்டிக்கொண்டே, தன் பட்டி ஆடு முழுக்க நோயில் போய்விட்டதைச் சொன்னான். அன்றோடு அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். முதல் நாள் பழைய சோறு போட்ட உங்கள் அத்தை நேற்று நாட்டுக்கோழிக் குழம்பு வைத்து, “பாவமுங்க, ஆருமே வாங்கிக்காம கெடக்குது” என்று ஈரலை அவன் தட்டில் போட்டாள். இருபத்தெட்டு வருஷத்தில் எனக்கு ஈரல் விழுந்ததில்லை.

ஆகவே மாப்பிள்ளை, அரசிதழை உடனே அச்சடிக்கச் சொல்லவும். முடியாவிட்டால் மசோதாவின் கடைசியில் ‘நாச்சிமுத்து நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்த்துவிடவும். நீங்கள் பிழை திருத்துகிறவர். யார் கேட்கப் போகிறார்கள்?

இருவரும் குறையொன்றுமில்லாமல், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்காமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பாலுசாமி

பின்குறிப்பு: தபால் பெட்டிக்குக் கிளம்பும்போது அரசிதழ் வந்துவிட்டதாகச் சேதி. கூடவே இரண்டு ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர்களும் ஜீப்பில் வந்து, கேஸ் தங்களுக்குத்தான் என்று வாசலில் மல்லுக்கு நின்றார்கள். ராமாத்தாள் குறுக்கே வந்து, “திருட்டாவது ஒண்ணாவது! சந்தைக்குக் கொண்டுபோகச் சொல்லி நாந்தான் ஆட்டைக் குடுத்தனுங்க” என்று சொல்லிவிட்டாள். உடனே இரண்டு இன்ஸ்பெக்டர்களும் முதல்முறையாக ஒற்றுமையாகி என் பக்கம் திரும்பினார்கள். “அப்ப, திருடாத மனுசனை மூணு நாள் குடோன்ல பூட்டி வெச்சது ஆருங்க?” நாச்சிமுத்துதான், “பூட்டறதாவது! இது எங்க அக்கா ஊடுங்க. விருந்துக்கு வந்தனுங்க” என்றார்.

ஆகவே மேலே எழுதியது எதுவும் நடக்கவில்லை. படித்ததும் கிழித்துவிடவும். அக்ஷயாவுக்கு ஒரு தாய்மாமன் கிடைத்திருக்கிறார். அடுத்த விசேஷப் பத்திரிகையில் மறக்காமல் அவர் பெயரைப் போடவும்.