பதினோரு தடவை நின்ற கார்

“கிளாக்கர் ஐயா கார் வாங்கினதுல இருந்து உடம்பு தேறிட்டாரு. தள்ளித் தள்ளி அந்தத் தோளப் பாரு!”

தெரணியகலை பஜாரில் நிலாம் நானாவின் கடைக்குள் யாரோ சொன்னது. ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் அந்தக் கிளாக்கராகிய நான் வாசலில் குடையைச் சுருக்கிக்கொண்டிருந்தேன். வாங்க வந்த சவர்க்காரத்தை வாங்காமலே திரும்பினேன். வழியில் சபதம் போட்டேன். நடுவழியில் நின்றுபோகும் இந்தக் காரின் நோயை நானே கண்டுபிடிப்பேன். எந்த மெக்கானிக் பாஸையும் கூப்பிட மாட்டேன். வெள்ளிக்கிழமை அதே காரில் என் மனைவியைக் கேகாலையில் கொண்டுபோய் இறக்குவேன்.

வெள்ளிக்கிழமை சுஜீதாவுக்கு நேர்முகப் பரீட்சை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் தொண்டர் ஆசிரியையாகத் தொண்டை கிழியக் கத்தியவள். இப்போதுதான் நிரந்தர நியமனத்துக்கு அழைத்திருக்கிறார்கள். பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். தவறினால் தவறியதுதான்.

“நான் அஞ்சரை பஸ்ல போறேங்க.”

“கார் வச்சிருக்கவன் பொண்டாட்டி பஸ்ல போறதா?”

“கார் வச்சிருக்கவன் பொண்டாட்டி நேரத்துக்குப் போய்ச் சேர வேணாமா?”

“மூணு நாள் பொறு.”

விஞ்ஞான முறையில் இறங்கினேன். ஆபீசிலிருந்து பழைய செக்ரோல் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, ஆட்களின் வருகையைக் குறிப்பது போலக் கார் நின்ற நாட்களைக் குறித்தேன். திகதி, இடம், மழையா வெயிலா, காரில் யார் யார். போன மாதத்திலிருந்து மொத்தம் பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் நாலைந்து மைல் ஓடியபிறகு நின்றிருக்கிறது. அரை மணி சும்மா விட்டால் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ஓடியிருக்கிறது. பதினோரு தடவையும் காரில் சுஜீதா இருந்திருக்கிறாள். இதை அவளிடமே சொன்னேன்.

“அப்ப என்னையக் கழட்டித் துடைச்சு மாட்டிப் பாருங்க.”

பிளக்கைக் கழற்றினேன். பாயிண்ட்டைத் தேய்த்தேன். பெட்ரோல் குழாயை வாயால் ஊதினேன். வயிற்றுக்குள் போனதில் பாதி பெட்ரோல், பாதி தூசி. ஒரு குற்றமும் இல்லை. பெட்ரோல் டாங்கியில் மழைத் தண்ணீர் இறங்குகிறதோ என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. அதன் மூடியைப் போன மாதமே நான் கவனித்துவிட்டேன். மூடியில் பொடி ஓட்டை ஒன்று இருந்தது. எங்கள் ஊர் மழைக்கு அது போதாதா? ரப்பர் ஃபேக்டரி கிளாக்கரிடமா ஓட்டை விளையாடுவது! மூடியை ரப்பர் பாலில் முக்கி, அசிட் விட்டு உறையவைத்து, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக் கூட்டில் நாலு நாள் தொங்கவிட்டு எடுத்தேன். பிறகு காற்றுகூடப் புகவில்லை.

சுஜீதா தேநீர் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, பால் டின்ல ஒரே ஒரு ஓட்டை போட்டா பால் ஊத்துமா?”

“ஊத்தாது. ரெண்டு போடணும்.”

“ஏன் ரெண்டு?”

“ஒண்ணுல பால் வரும், ஒண்ணுல காத்து போகும். டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா? இன்டர்வியூல கேட்டா என்ன சொல்லுவ?”

அவள் ஜன்னல் வழியாகக் காரின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு தேநீரைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். ஐந்தாவது மைலில் கார் நின்றது. நான் பிளக்கைக் கழற்றிப் பூட்டினேன். அரை மணி போனது. ஓடியது. தெஹியோவிட்ட சந்தி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மறுபடி நின்றது. சாவியைத் திருகித் திருகி பாட்டரியும் படுத்துவிட்டது. வழக்கம்போலச் சுஜீதாவை ஸ்டியரிங் முன்னால் உட்காரச் சொன்னேன். கிளட்சை மிதிப்பது, நான் தள்ளும்போது கியரில் விடுவது எல்லாம் பதினோரு தடவையில் நான் சொல்லிக்கொடுத்த பாடம்.

அவள் உட்காரவில்லை. பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய் டாங்கி மூடியைத் திருகினாள்.

உஸ்ஸ்ஸ்.

மூச்சுத் திணறியவன் காற்றை உள்ளே இழுத்ததுபோல ஒரு சத்தம்.

“இதப் புடிங்க,” என்று மூடியை என் கையில் வைத்தாள். டாங்கி வாயில் கைக்குட்டையை லேசாகச் செருகினாள். “இப்ப தள்ளுங்க.”

“அவசரப்படாத. பிளக்க இன்னொரு தடவை பார்த்துட்டு…”

“மணி எட்டேகால். தள்ளிட்டுப் பாருங்க. ஆமா, ஸ்டார்ட் ஆனா என்ன செய்யணும்? மறந்துருச்சு.”

கேட்டதே எனக்குப் பெருமையாக இருந்தது.

“ஸ்டார்ட் ஆனா எந்தக் காரணத்துக்காகவும் நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டினா போச்சு. ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டே இருக்கணும்.”

“யாரு கத்தினாலும்?”

“யாரு கத்தினாலும்.”

தள்ளினேன். கார் ஒரு தடவை குலுங்கியது. பிறகு இதுவரை நான் கேட்டிராத ஒரு சுகமான குரலில் பாடத் தொடங்கியது. ஓடியது. நானும் பின்னால் ஓடினேன்.

“சுஜீதா! நிப்பாட்டு! நான் ஏறணும்!”

“நிப்பாட்டக் கூடாதுன்னு சொன்னீங்களேங்க!”

“லைசன்ஸ்! லைசன்ஸ் இல்லாம…”

“எடுத்து ரெண்டு மாசமாச்சுங்க!”

ரப்பர் மூடியைக் கையில் பிடித்தபடி நடுரோட்டில் நின்றேன். சந்தியில் அவள் வலது கையை வெளியே நீட்டி, ஒழுங்காகச் சிக்னல் காட்டி, கேகாலைக்குப் போகும் கரவனெல்லப் பக்கம் திரும்பினாள்.