வைத்தியலிங்கத்தை வழியனுப்பியது

அப்பா தீர்மானித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வைத்தியலிங்கத்தை லுணுகலைக்கு நடத்திக்கொண்டுபோய், கடைத்தெருவில் விட்டுவிட்டு வந்துவிடுவது.

வைத்தியலிங்கம் எங்கள் நாய். அது என் தாத்தாவின் பெயர். அம்மாவைப் பெற்ற தாத்தாவைக் குடியுரிமை இல்லையென்று போன வருஷம் அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்பிவிட்டது. மறுவாரம் இந்த நாய் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயவீட்டுக்கு வந்தது. அம்மாவைச் சீண்டத்தான் அப்பா பெயர் வைத்தார்.

“தின்னுட்டு உறுமுது. என் மாமனாரேதான்.”

அம்மா சண்டை போடவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “வாங்கப்பா,” என்றாள். அன்றிலிருந்து முதல் ரொட்டி நாய்க்கு.

“ஏ இராக்கு, நாய்க்கு மொதல்லயா?”

“எங்கப்பா பசியோட இருக்க, ஒங்களுக்குப் போடவா?”

“அது நாய் புள்ள.”

“பேரு வச்சது யாரு?”

ரேஷன் கூப்பன் மாவு குறையக் குறைய அப்பாவின் ரொட்டி அப்பளமானது. வைத்தியலிங்கத்துக்குத் தொந்தி விழுந்தது. அதனால்தான் தீர்மானம்.

ஞாயிறு காலை அப்பா கயிறு கட்டினார். அம்மா குளித்து, நல்ல சேலை உடுத்தி, ரொட்டிப் பொதியோடு நின்றாள்.

“நீ எங்க கெளம்பிட்ட?”

“அப்பாவ வழியனுப்ப.”

“நாய விடுறதுக்கு ரெண்டு பேரா?”

“அன்னைக்குப் பதுளை ஸ்டேசன்ல கோச்சி ஏத்திவிட நீங்கதான் போனீங்க. நான் கணக்கப்பிள்ளகிட்ட லீவு கேட்டேன். ‘ஒரு கெழவன ஏத்திவிட எத்தன பேரு? பேசாம மலைக்குப் போ.’”

மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையின் மூக்குக் குரலை அப்படியே கொண்டுவந்தாள். எனக்குச் சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றுவிட்டது.

“கொழுந்து பறிச்சுக்கிட்டிருந்தேன். கோச்சி கூவுனது இங்க மடுல்சீமைக்குக் கேக்கவுமில்ல.”

நாயின் நெற்றியில் திருநீறு பூசினாள். பொதியை அதன் முன்னால் வைத்துக் காலில் விழுந்தாள்.

“போய்ச் சேர்ந்ததும் கடுதாசி போடுங்கப்பா. போனவாட்டி மாதிரி மறந்துறாதீங்க.”

அப்பா நாயின் முன் குந்தினார். பிறகு கயிற்றை அவிழ்த்தார்.

“உள்ள போங்க மாமா.”

வைத்தியலிங்கம் பொதியை விட்டு அசையவில்லை. அப்பா நாயைப் பொதியோடு தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு நடந்தார்.

“வாச நெல தாழ்வா இருக்கு. தலை பத்திரம்,” என்றாள் அம்மா.

அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. குனிந்துகொண்டார்.

“ஒங்க தலையச் சொல்லலீங்க.”