டம்ளர் மாமாவும் கொட்டாத பாட்டிலும்

கொல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கு அடுத்தபடியாக அதிகத் தண்ணீர் விட்டவர் எங்கள் பவானிபூர் டம்ளர் மாமாதான். எண்பது வயது, ஒண்டிக்கட்டை, பேங்க் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு டம்ளர் ஜலம் கேட்பார். இரண்டு வாய் குடிப்பார். மீதியை மடியில் கொட்டிக்கொண்டு, "அடடா, கை நடுங்கறது!" என்று வேட்டியை உதறியபடி கிளம்பிவிடுவார்.

கல்யாண வீட்டில் முதல் வரிசையில் கொட்டினார். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் துணி தேடினார்கள். பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்கப் போய் மேஜையடியில் கொட்டியதில், ஆள் உயிரோடு இருப்பதற்கு வேறு அத்தாட்சியே தேவைப்படவில்லை.

துர்கா பூஜை முடிந்தால் பிஜோயா. வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களை நமஸ்கரிப்பதும், வந்தவர்களுக்கு சந்தேஷ் இனிப்பும் தண்ணீரும் கொடுப்பதும் வங்காளி வழக்கம். மூன்று தலைமுறையாக இங்கேயே கிடக்கும் எங்களுக்கும் அதுதான். மாமா மனுஷாளோடு உட்கார்ந்து பேசுவது பெரும்பாலும் அந்த ஒரு வாரம்தான். ஏழு வீடு போவார், ஏழிலும் கொட்டுவார்.

போன வருஷம் நான் புது ஸோபா வாங்கியிருந்தேன். ஊரிலேயே நான்தான் புத்திசாலி என்று நினைப்பு வேறு. குழந்தைகள் உறிஞ்சிக் குடிக்கும் சிப்பர் பாட்டில், தலைகீழாகப் பிடித்தாலும் சொட்டாதது, ஒன்று வாங்கித் தண்ணீர் நிரப்பி, பிஜோயாவுக்கு வந்த மாமாவிடம் நீட்டினேன்.

"மாமா, இது உங்களுக்கே உங்களுக்கு!"

நாங்கள் பௌதி, அதாவது மன்னி, என்று கூப்பிடும் மாடிவீட்டு வங்காளிப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். மாமாவும் சிரித்தார்.

ஒரு மணி நேரமாயிற்று. வந்தவர்கள் எல்லாரும் போய், பௌதி மட்டும் மிச்சம். மாமா எழுந்திருக்கவே இல்லை. பாட்டிலை மடிமேல் கவிழ்த்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, கிளம்பலையா?"

"இது கொட்ட மாட்டேங்கறதேம்மா," என்றார்.

அப்போதுதான் வாடை வந்தது. வேட்டி ஏற்கெனவே நனைந்திருந்தது. இத்தனை வருஷம் கொட்டியதெல்லாம் எதை மறைக்க என்று என் மரமண்டைக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த மனுஷனிடமிருந்து அதையும் பிடுங்கிய பாவி நான்.

சமையலறைக்கு ஓடிச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தேன். மாமா மடியிலும் ஸோபாவிலுமாக மொத்தத்தையும் கவிழ்த்தேன்.

"ஐயையோ, என் கை தவறிடுத்து மாமா!"

"ஈஷ்!" என்று பதறினாள் பௌதி.

மாமா வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "போறது போ, உனக்கும் வயசாறதோல்லியோ!"

அதோடு சரி. பிறகு அவர் எந்த வீட்டுக்கும் போகவில்லை. "டாக்டர்ட்ட காட்டலாம் மாமா, இதுக்கு மருந்து இருக்கு, பயிற்சி இருக்கு," என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன்.

"அந்த டாக்டர் பொண்ணு வாய் நிறைய மேஷோமஷாய், சித்தப்பான்னு கூப்பிடறா. அவகிட்டப் போய் இதையா சொல்றது?"

சர்க்கரையைச் சொல்லுவாராம், முட்டிவலியைச் சொல்லுவாராம், இதைச் சொல்ல மாட்டாராம். இந்த வருஷ பிஜோயாவும் வந்து போயிற்று. மற்ற ஆறு வீட்டில் ஒருத்தர்கூட மாமா ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. தரை காய்ந்திருக்கிறதே, அது போதும் அவர்களுக்கு.

இப்போது ஞாயிறுதோறும் நான்தான் அவர் வீட்டுக்குப் போகிறேன். எனக்குத் தண்ணீர் அந்த சிப்பரில்தான் வரும்.

"உனக்குக் கை நிதானம் போறாது," என்பார்.

நானும் சமர்த்தாக உறிஞ்சிக் குடிக்கிறேன்.