லீவே போடாத கணக்குப்பிள்ளை

“எல்லாம் சரியா இருக்குன்னு எழுதியிருக்கியே,” என்று தணிக்கைப் பாடம் எடுக்கும் வாத்தியார் அறிக்கையை மேஜைமேல் எறிந்தார். “எல்லாம் சரியா இருக்கிற இடம்னு இந்த உலகத்துல ஒண்ணு உண்டா? நீ வேலை பார்க்கிறது டைல்ஸ் குடோன்தானே? சொர்க்கம் இல்லையே?”

மாலை வகுப்பு மொத்தமும் சிரித்தது. சிரித்தவர்கள் யார் யார் என்று பார்க்கக் கழுத்துப்பட்டை உடம்போடு திரும்பினான். அவனுக்குக் கழுத்து மட்டும் தனியாகத் திரும்பாது. இருபது வருசம் டைல்ஸ் பெட்டி சுமந்ததில் எலும்பு தேய்ந்துபோய், டாக்டர் பட்டை மாட்டிவிட்டார். பட்டையோடு ‘கழுத்துப்பட்டை’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

“இனி பெட்டி தூக்கினா கை விளங்காமப் போயிடும்” என்று டாக்டர் சொன்னதும், குடோன் முதலாளி கேட் ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டார். “லாரியை எண்ணிக்கிட்டு உட்காரு. கணக்கியல், நிதின்னு ஒரு டிப்ளமா இருக்காம். அதை முடிச்சுட்டு வா, மேஜை வேலை தர்றேன். முடிக்கலேன்னா வேற இடம் பார்த்துக்க. ஸ்டூலுக்கெல்லாம் எத்தனை நாள் சம்பளம் குடுக்கிறது?”

ஆக, டிப்ளமா இல்லையென்றால் பிழைப்பு இல்லை. வேலை பார்க்கும் இடத்தைத் தணிக்கை செய்து அறிக்கை கொடுக்காவிட்டால் டிப்ளமா பரீட்சை எழுத முடியாது. அந்த அறிக்கைதான் இப்போது மேஜைமேல் மல்லாந்து கிடந்தது.

“தப்பை நான் எங்க போய்த் தேடுறது சார்?”

“தப்பைத் தேடாதே. ஆளைத் தேடு. ஒருநாள்கூட லீவு போடாம, முதல் ஆளா வந்து கடைசி ஆளாப் போறவன் எவனோ, அவன்மேல ஒரு கண்ணு வை. அவன் ஏன் லீவு போட மாட்டேங்கிறான்? போட்டா அந்த நாற்காலியில வேற ஒருத்தன் உட்காருவான். குட்டு உடைஞ்சு போயிடும்!”

கழுத்துப்பட்டைக்குப் பட்டைக்கு உள்ளேயே வியர்த்தது. அப்படி ஒரு ஆளை அவனுக்குத் தெரியும்.

குடோன் கணக்குப்பிள்ளை. முதலாளியின் அக்கா புருஷன். பதினோரு வருசத்தில் ஒரு நாள் லீவு போட்டதில்லை. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு, போர்வையைப் போர்த்தியபடி பில் போட்ட மனுசன். ஊருக்கே விடுமுறை என்றாலும் இருப்பு எண்ண வந்துவிடுவார். விசுவாசம் என்றார்கள் எல்லோரும். கழுத்துப்பட்டையும் அப்படித்தான் நினைத்திருந்தான். இப்போது யோசித்தால் விசுவாசமாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் யோசித்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. குடோனில் கணக்கு எழுத இருக்கும் மேஜை ஒன்றே ஒன்றுதான்.

மறுநாளிலிருந்து வேவு பார்க்க ஆரம்பித்தான். வேவு பார்க்க ஏற்ற உடம்பா அது? கணக்குப்பிள்ளை பக்கம் பார்க்க வேண்டும் என்றால் ஸ்டூலோடு திரும்ப வேண்டும். ஸ்டூல் கிரீச்சென்று கத்தும். குடோன் முழுக்க நிமிர்ந்து பார்க்கும்.

“என்னடா பட்டை,” என்றான் லாரி டிரைவர், “காலையிலேர்ந்து அவரையே பார்க்கிறே? பொண்ணு பார்க்கிற மாதிரி இருக்கு.”

ஒளிந்து பார்ப்பது ஒத்துவராது என்று நேரே போய் வாயைக் கிளறினான்.

“அண்ணே, ஒருநாள் லீவு போட்டுட்டு நல்லாத் தூங்கினா என்ன?”

கணக்குப்பிள்ளையின் பேனா நின்றது. முதலாளி உட்கார்ந்திருந்த கண்ணாடி அறையை ஒரு பார்வை பார்த்தார். “மெதுவாப் பேசு. அந்த வார்த்தையை இங்க எடுக்காதே.”

“ஏன்ணே?”

“வெளிய தெரிஞ்சா எனக்குத்தான் அசிங்கம். போ, போய் லாரியைப் பாரு.”

அசிங்கமாம்! கழுத்துப்பட்டை நேரே கண்ணாடி அறைக்குப் போனான்.

“சார், கணக்குப்பிள்ளையை ஒரு வாரம் லீவுல அனுப்பிப் பாருங்களேன்.”

முதலாளி குடித்துக்கொண்டிருந்த டீ சட்டையில் கொட்டியது. “யாருடா உன்னைக் கேட்கச் சொன்னது? மாமாவா?”

“இல்ல சார், பாடத்துல...”

“பாடத்தைப் பள்ளிக்கூடத்தோட வை! இந்தப் பேச்சு இன்னொரு தடவை வந்துது, ஸ்டூலைத் தூக்கிடுவேன்.”

வெளியே வந்தபோது கழுத்துப்பட்டைக்குச் சந்தேகமே இல்லை. மாமனும் மச்சானும் கூட்டு. சொந்தக் குடோனிலேயே ஒருத்தன் ஏன் திருட வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்கும் அடுத்த பருவத்தில் ஏதாவது பாடம் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

விஷயத்தைக் கேட்ட வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். “முதலாளியும் உடந்தையா? அடடா! நானே வர்றேன்.”

வந்தார். டைல்ஸ் அடுக்குகளுக்கு நடுவே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, குடோனே கேட்கும்படி சொன்னார்: “கணக்கு பார்க்கிறவருக்கு வருசத்துல ஒரு வாரமாவது கட்டாய லீவு குடுக்கணும். குடுக்காத இடத்துக்கு எந்த பேங்க்காரனும் கடன் குடுக்க மாட்டான். உங்க பேங்க் மேனேஜர் என்கிட்டப் படிச்ச பையன்தான்.”

முதலாளி புதுக் கடனுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

“அரை நாள் போதுமா சார்?”

“ஒரு வாரம்.”

“கொஞ்சம் குறைச்சுக்கங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“ஒரு வாரம்னா ஒரு வாரம்!”

கணக்குப்பிள்ளை எழுந்தார். கண்ணில் தண்ணீர். சாவிக்கொத்தை மேஜையில் வைத்தவர், சாப்பாட்டுத் தூக்கைக்கூட எடுக்காமல் கேட்டைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார்.

“ஓடுறார் பார்த்தியா?” என்று வாத்தியார் கழுத்துப்பட்டையின் காதில் கிசுகிசுத்தார். “நாற்காலியில உட்காரு. ஒரு வாரத்துல திருட்டு தானா வெளிய வரும். அறிக்கையை அப்புறம் குடு.”

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு டைல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்தார். “பாவிங்களா, என் குடியைக் கெடுத்தீங்களே!”

கழுத்துப்பட்டை அதையும் குறித்துக்கொண்டான்.

நாற்காலி மெத்தென்றுதான் இருந்தது. வேலைதான் மெத்தென்று இல்லை. ஒரே டைல்ஸ் பெட்டிக்குப் பெட்டி நிறம் மாறும் என்பது சுமந்தவனுக்குத் தெரியும். எந்த நிறத்தை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்பது கணக்குப்பிள்ளைக்குத்தான் தெரியும். முதல் லாரி போன வீட்டுக்காரர் சாயங்காலமே வந்து நின்றார்.

“ஹால்ல பாதி பால் நிறம், பாதி டீ நிறம்! என் பொண்டாட்டி உள்ள கால் வைக்க மாட்டேங்கிறா!”

தப்பைச் சரிசெய்ய டீ நிறத்தை எடுத்துவிட்டுப் பால் நிறத்தை அனுப்பினான். அது குளியலறைக்கு வாங்கிய இன்னொருவருடையது. அவர் வந்து கத்தியபோது சுமக்க ஆள் இல்லை. அவனே நான்கு பெட்டியைத் தூக்கினான். வலது கை தோளிலிருந்து மரத்துப்போனது. பேனா பிடிக்க முடியவில்லை.

“பரீட்சையை இடது கையில எழுதுவியா பட்டை?” என்றான் டிரைவர்.

இத்தனைக்கும் நடுவில் குடோன் முழுக்க எண்ணிப் பார்த்தான். ஒரு பெட்டி குறையவில்லை. உடைந்த டைல்ஸ்கூடச் சரியாக இருந்தது. இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றால் சாதாரணத் திருடன் இல்லை என்று முடிவு கட்டினான்.

முதலாளியின் போக்கும் சரியில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. பெயரைப் பார்த்ததும் அணைத்துச் சட்டைப் பைக்குள் தள்ளினார். பங்கு கேட்டுக் கணக்குப்பிள்ளை மிரட்டுகிறார், வேறென்ன?

நாலாம் நாள் காலை கேட் முன்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கண்ணாடி அறைக்குள் முதலாளி மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டார். ஆட்டோவிலிருந்து முதலாளியின் அக்கா இறங்கினார். பின்னாலேயே, முழங்கையைப் பிடித்துக் கணக்குப்பிள்ளையை இழுத்தார். வாங்கின கடைக்கே பழுதான சாமானைத் திருப்பிக் கொண்டுவந்த முகம்.

சிக்கிவிட்டார்கள்! பொண்டாட்டியே பிடித்துக் கொடுக்கிறாள்! டிப்ளமா, மேஜை, நாற்காலி எல்லாம் கழுத்துப்பட்டையின் கண்ணுக்கு முன்னால் வரிசையாக நின்றன. மரத்த கையில் பேனாவைச் சொருகிக்கொண்டான்.

“பயப்படாதீங்கக்கா. மனசுல இருக்கிறதைச் சொல்லிடுங்க.”

“என்னத்தைச் சொல்ல? வீட்டையே குடோனாக்கிட்டாரு! சமையலறை வாசல்ல நாற்காலியைப் போட்டுக்கிட்டு, உப்பு எடுத்தா கையெழுத்துப் போடுங்கிறாரு. பிள்ளைங்க பல் தேய்க்கிற பேஸ்டுக்கு வரிசையில நிக்குது. நேத்து நான் தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள என் தலையணையில நம்பர் ஒட்டியிருக்காரு!”

“இருப்பு தெரிய வேண்டாமா?” என்று கணக்குப்பிள்ளை முனகினார்.

கழுத்துப்பட்டை விடவில்லை. “அதெல்லாம் நாடகம்க்கா. நேராக் கேட்கிறேன். திருட்டு இல்லேன்னா, பதினோரு வருசமா இவரு ஏன் ஒருநாள்கூட லீவு போடலை?”

அக்கா அவன் தோளைப் பிடித்து நாற்காலியிலிருந்து எழுப்பினார். அந்த இடத்தில் புருஷனை அழுத்தி உட்காரவைத்தார்.

“போடலைன்னு யாருப்பா சொன்னது? மாசாமாசம் கேட்டு அழுவாரு. குடுத்துடாதேடான்னு என் தம்பிகிட்ட சத்தியம் வாங்கி, இவரை இந்த நாற்காலியிலேயே கட்டிப் போட்டு வச்சிருக்கிறது நான்தான்!”